பன்னிரண்டு அடிக் கம்பி

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி கிடக்கிறது. இரண்டங்குலச் சதுரக் குழாய். நான்கு கால்கள், ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறுக்காக ஒரு பட்டை. ஏறும் முனையில் ஆறங்குல உயரம், அங்கிருந்து மெல்ல உயர்ந்து பதினான்கு அங்குலத்தில் சமமாகிவிடும். பார்க்க வருகிறவர்கள் அதைத் துணி உலர்த்தும் கொடி என்றோ, பாதியில் விட்ட வேலி என்றோ நினைக்கிறார்கள்.

அது என் மகள் பனிச்சறுக்குப் பழகுவதற்காக நாங்கள் செய்தது. பனிச்சறுக்கில், குன்றின் உச்சியிலிருந்து நேராக இறங்கி வருவது ஒரு வகை. இன்னொரு வகையில், வரும் வழியில் கம்பிகளையும் பெட்டிகளையும் வைத்திருப்பார்கள். சறுக்கி வரும் வேகத்திலேயே தாவி, கம்பியின் மேல் காலில் மாட்டிய இரண்டு பலகைகளையும் குறுக்காக வைத்து, அதன் நீளம் முழுக்க வழுக்கிக்கொண்டு போய், மறுமுனையில் குதித்து இறங்க வேண்டும். இங்கே அமெரிக்காவில் அதை ரெயில் என்பார்கள். ஊரில் யாரிடமாவது அப்படிச் சொன்னால் வேறு அர்த்தமாகிவிடும் என்பதால் வீட்டில் நாங்கள் கம்பி என்றே சொல்லிவந்தோம்.

மகளுக்குப் பதினேழு வயது. நாங்கள் பேசும் தமிழ் முழுவதும் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். கோபம் வந்தால் தமிழில் பேசுவாள். இங்கே அவள் சொன்னவற்றை நான் பெரும்பாலும் தமிழிலேயே எழுதுகிறேன்.

பள்ளியின் பனிச்சறுக்குக் குழுவில் அவள் மூன்று வருடமாக இருந்தாள். போன பிப்ரவரியில், வடக்கே ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு குன்றில், கம்பியின் நடுவில் பலகை சிக்கி விழுந்தாள். கையை ஊன்றி விழுந்ததில் காறை எலும்பு உடைந்தது. அன்று நான் அங்கே இல்லை. என் கணவர் இருந்தார். எலும்பு உடைந்த சத்தம் தனக்குக் கேட்டது என்கிறார். அவர் நின்ற இடம் நாற்பதடிக்கு அப்பால், கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் சொல்வதை நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

ஆறு வாரம் கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டிருந்தாள். எலும்பு சேர்ந்தது. ஆகஸ்ட் மாதம் ஒரு சாப்பாட்டு நேரத்தில் அடுத்த சீசனைப் பற்றிப் பேச்சு வந்தது. பள்ளியில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். ஜனவரி இரண்டாம் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். படிவத்தில் அப்பா, அம்மா இருவரின் கையெழுத்தும் வேண்டும்.

"ஸ்கீ பண்ணு. கம்பி மட்டும் வேணாம்," என்றார் கணவர்.

"அப்பா, எங்க டீம் பண்றதே அதுதான். நான் போய் என்ன பண்றது, எல்லாருக்கும் தண்ணி பாட்டில் புடிக்கிறதா?"

"புடி. அதுவும் ஒரு வேலதான்."

மகள் தட்டை நகர்த்திவைத்தாள். பிறகு அவர்தான் ஆரம்பித்தார்.

"சரி, ஒண்ணு சொல்றேன். தொடர்ந்து பத்து தடவ, விழாம போய்க் காட்டு. இங்க, நம்ம வீட்டுல, நான் பாக்கற மாதிரி. அப்புறம் கையெழுத்து போடறேன்."

"நம்ம வீட்டுல எங்க கம்பி இருக்கு?"

"இல்லல்ல?" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தார் போலும்.

"செஞ்சுடலாம்," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

நான் பிஸ்கட்டவேக்கு அருகில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தர ஆவணங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. யார், எப்போது, எதை, எவ்வளவு என்று எழுதி வைக்காத வேலை, எங்கள் துறையில் செய்யாத வேலைதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கம்பிக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். முதல் பக்கத்தில் படம் வரைந்தோம். கம்பி எப்படி இருக்க வேண்டும் என்பது மகளுக்குத் தெரியும், அதை எப்படி அளந்து எழுதுவது என்பது எனக்குத் தெரியும். முனை வளைந்து கீழே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பலகையின் நுனி அதில் குத்திக்கொள்ளும் என்றாள். எத்தனை டிகிரி என்று கேட்டேன். கையைச் சரித்துக் காட்டினாள். அந்தக் கையைக் கோணமானியால் அளந்து குறித்துக்கொண்டேன்.

வெல்டிங்குக்கு ஆள் எங்கள் நிறுவனத்திலேயே கிடைத்தார். இயந்திரப் பராமரிப்பில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர். வீட்டு கராஜில் கார் நிற்க இடமில்லாத அளவுக்குக் கருவிகள் வைத்திருக்கிறார். படத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, இது மேல ஆளு போகுதுங்களா, இல்ல கொடிக்கம்பிங்களா?"

"ஆளுதான். இவதான்."

"பாப்பா என்ன வெய்ட்டுங்க?"

"நூத்திப் பதினெட்டு பவுண்டு."

"அப்ப முந்நூறுக்குத் தாங்கற மாதிரி அடிச்சுப்போடறனுங்க. நாளைக்கு நீங்க ஆசப்பட்டு ஏறுனாலும் அசையாது பாருங்க."

திரும்பி வரும்போது காரில் பாதி தூரம் வரை மகள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பன்னிரண்டு அடிக் குழாய் எங்கள் வேனுக்குள் நுழையாது. அதனால் ஆறடியாக இரண்டு துண்டுகள் செய்து கொண்டுவந்தோம். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை கோயம்புத்தூர்க்காரரே வந்து, பின்புறத்தில் வைத்து இரண்டையும் ஒட்டவைத்து, ஒட்டிய இடத்தைத் தேய்த்துச் சமமாக்கிக் கொடுத்தார். பிசிறு எங்காவது நிற்கிறதா என்று பார்க்க, என் பழைய நைலான் துப்பட்டா ஒன்றைக் கம்பியின் மேல் போட்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழுத்தோம். ஓர் இழைகூடச் சிக்கவில்லை. நோட்டில் எழுதினேன்: 'துப்பட்டாச் சோதனை, மூன்று முறை, சிக்கல் இல்லை.'

பெயிண்ட் அடித்துவிடச் சொன்னார் கோயம்புத்தூர்க்காரர். மகள் வேண்டாம் என்றாள். பெயிண்ட் உரிந்து பலகையின் அடியில் ஒட்டும், இரும்பு வெறுமையாக இருக்க வேண்டும் என்றாள். வெறும் இரும்பு நியூ ஜெர்சி மழையில் ஒரு வாரம் கிடந்தால் துருப்பிடிக்கும். பெயிண்ட் இல்லாமல், துருவும் பிடிக்காமல், வழவழவென்று இருக்கும் இரும்பு நம் வீட்டில் எது என்று யோசித்தேன். தோசைக்கல். இருபத்திரண்டு வருடங்களாக ஒரே கல்லைப் பழக்கி வைத்திருக்கிறேன். முட்டை ஊற்றினால்கூட ஒட்டாது.

ஆகவே கம்பியைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவிட்டு, பழைய பருத்திப் புடவைத் துணியில் நல்லெண்ணெயைத் தொட்டு முழுநீளத்துக்கும் தடவினேன். மூன்று நாள், நாளுக்கு ஒரு பூச்சு. மூன்றாம் நாள் கம்பி கறுப்பாக மின்னியது. அதையும் நோட்டில் எழுதினேன். அதன் மேல் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிவைத்தேன். அந்தச் சமயத்தில் என் வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அடுத்தது சறுக்கி இறங்க ஒரு மேடு. எங்கள் தோட்டத்தின் சரிவு போதாது. நவராத்திரி முடிந்ததும் பொம்மைகளைப் பெட்டியில் வைத்துவிட்டு, கொலுப்படிகளைக் கழற்றினேன். வரிசையாகத் துளையிட்ட இரும்புச் சட்டங்கள், நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்குவது. ஒன்பது படிக்குப் போதுமான சட்டம் இருந்தது. அதைக் கொண்டே பின்புறத்தில் ஆறடி உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, சாய்வாக ப்ளைவுட் பலகை பொருத்தினோம். ஏறுவதற்குப் பின்பக்கம் நான்கு படிகள்.

அடுத்த தெருவிலிருந்து ஓர் ஆன்ட்டி சுண்டல் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சென்னை மயிலாப்பூர்க்காரர், எங்களைவிடப் பத்து வயது பெரியவர். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பின்புறத்துக்கே வந்துவிட்டார்.

"என்னடி இது, கொலுப்படி மாதிரி இருக்கே?"

"கொலுப்படிதான் ஆன்ட்டி."

"அது மேலயா பூட்ஸ் காலோட ஏறப் போறா? அம்பாள் உக்காந்த எடம்டி."

"அம்பாள் பெட்டிக்குள்ள இருக்கா ஆன்ட்டி. இப்ப இது வெறும் சட்டம்தான்."

"நன்னாத்தான் பேசற," என்றவர், கையால் ஒரு சட்டத்தை ஆட்டிப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு. எங்காத்துது ஒவ்வொரு வருஷமும் ஆடறது. கொலுவுக்கு முன்னாடி உங்கிட்ட குடுத்துடறேன், முடுக்கிக் குடு."

டிசம்பர் கடைசியில், பள்ளி விடுமுறையில், நல்ல பனி பெய்தது. ஏழு அங்குலம். மகளும் நானும் மேடையின் சாய்விலும் கம்பிக்கு முன்னும் பின்னும் மண்வாரியால் பனியை அள்ளிப் போட்டு மிதித்து இறுக்கினோம். கம்பியின் பக்கவாட்டில் ஓரடிக்கு ஒன்றாக நீல டேப் ஒட்டினேன். நோட்டில் கட்டங்கள் போட்டேன். வரிசை எண், நேரம், எத்தனை அடி போனாள், விழுந்தாளா, எந்தப் பக்கம், காயம்.

கணவர் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் காபியோடு நின்றார். வெளியே வரவில்லை.

முதல் தடவை கம்பியில் ஏறவேயில்லை. பக்கத்தில் இறங்கிவிட்டாள். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் சரியாகத் தாவி, குறுக்காக நின்று, வழுக்கிக்கொண்டு போனாள். பார்க்க அழகாக இருந்தது. எட்டாவது அடியில் கீழே பிடித்து இழுத்தது மாதிரி பலகை நின்றது. அவள் மட்டும் முன்னால் போய் விழுந்தாள். நான்காவது தடவை, எட்டு அடி. ஐந்தாவது, ஏழரை.

"மெதுவா போற. வேகம் பத்தல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேகமாக வந்தாள். அதே இடத்தில் இன்னும் பலமாக விழுந்தாள்.

நான்கு நாட்கள் இப்படிப் போயின. சில தடவைகள் தடுமாறிக்கொண்டே கடைசி வரை போய்விடுவாள். தொடர்ந்து மூன்றுக்கு மேல் வரவில்லை. விழுவதற்குத் தன் உடம்புதான் காரணம் என்று அவளுக்குத் தோன்றத் தொடங்கியது. குன்றில் விழுந்ததும் கம்பியின் நடுவில்தான், இங்கே விழுவதும் நடுவில்தான்.

"அந்த எடம் வந்ததும் என் கால் தானா நின்னுடுதும்மா. நான் நிறுத்தறதில்ல. அதுவா நிக்குது."

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் அவள் பலகைகளைக் கழற்றி, துடைத்து, கராஜில் உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"போதும். கம்பில ஒண்ணும் இல்ல, என் தலைலதான். வெள்ளிக்கிழம நான் பேர் குடுக்கல."

கணவர் அன்று என்னிடம், "விட்டுடு. அவளே சொல்லிட்டா," என்றார். அவர் குரலில் ஜெயித்த தொனி இல்லை. நிம்மதி இருந்தது. அதற்காக அவர் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை.

திங்கட்கிழமைகளில் நான் வீட்டிலிருந்து வேலை செய்வேன். மகள் பள்ளிக்குப் போய்விட்டாள், கணவர் பார்சிப்பனியில் அலுவலகத்தில் இருந்தார். மதிய இடைவேளையில், நோட்டை முடித்து வைத்துவிடலாம் என்று எடுத்து, கணக்குக் கூட்டினேன். இருபத்தெட்டு முயற்சிகள். பதினான்கு வீழ்ச்சிகள். அவற்றில் மூன்று, ஏறும்போது. மிச்சம் பதினொன்றும் ஏழாவது அடிக்கும் ஒன்பதாவது அடிக்கும் இடையில்.

பயந்த பெண் எங்கு வேண்டுமானாலும் விழுவாள். ஆறாவது அடியிலும் விழுவாள், பத்திலும் விழுவாள். அலுவலகத்தில் பதினோரு குப்பிகள் ஒரே இடத்தில் உடைந்தால் நாங்கள் அந்த இடத்தில் நின்ற ஆளைக் கேட்கமாட்டோம், முதலில் இயந்திரத்தை நிறுத்திப் பார்ப்போம். நான்கு நாட்கள் அந்த எண்களை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூட அவற்றை வரிசையாகப் படித்துப் பார்க்கவில்லை.

மட்டக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஒட்டவைத்த இடம் ஆறடியில், அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அது சமமாக இருந்தது. கால்கள் புதையவில்லை. கம்பி வளையவில்லை. அன்று நல்ல வெயில். மட்டக்கோலைத் தூக்கும்போது கையுறையைக் கழற்றியிருந்தேன். எழுந்திருக்க, கையைக் கம்பியில் ஊன்றினேன். கை ஒட்டியது.

குளிரில் இரும்பில் கை ஒட்டுவது வேறு. இது பிசுக்கு. அடுப்புக்குப் பின்னால் டைல்ஸில், வாரக்கணக்கில் துடைக்காமல் விட்டால் படியுமே, அந்தப் பிசுக்கு. விரல் நகத்தால் சுரண்டினேன். பழுப்பாக, மெழுகுக்கும் பசைக்கும் நடுவில் ஒன்று சுருண்டு வந்தது. மற்ற இடங்களில் லேசாக இருந்தது. ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான் தடிமனாக இருந்தது.

ஏன் அங்கே என்று நினைவு வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாம் நாள் பூசி முடித்தபோது கிண்ணத்தில் இரண்டு கரண்டி எண்ணெய் மிஞ்சியிருந்தது. துணி தொட்ட எண்ணெயைத் திரும்ப பாட்டிலில் ஊற்ற முடியாது. கொட்டவும் மனம் வரவில்லை. நின்ற இடத்திலேயே கம்பியின் மேல் ஊற்றித் தேய்த்துவிட்டேன்.

நோட்டைப் புரட்டினேன். 'நல்லெண்ணெய், மூன்று பூச்சு.' மிஞ்சியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோயம்புத்தூர்க்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"என்னங்க்கா சொல்றீங்க, நல்லெண்ணெயா?"

"தோசைக்கல்லுக்குத் தடவற மாதிரி."

"தோசைக்கல்ல நித்தமும் அடுப்புல ஏத்தறீங்க. இத எந்த அடுப்புல ஏத்துனீங்க?"

நகத்தில் ஒட்டியிருந்த பிசுக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி உடுங்க. சுடுதண்ணி, சோடா மாவு, கம்பி நாரு. நல்லாச் சுரண்டுங்க. அப்பறம் மெழுகுவத்தி எடுத்துத் தேச்சுடுங்க, எண்ணெயப் பக்கத்துலயே கொண்டுபோகாதீங்க," என்றார். வைப்பதற்கு முன், "பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

பாப்பாவிடம் மூன்று மணிக்குச் சொன்னேன். பள்ளியிலிருந்து வந்தவள், நான் வாளியும் நாருமாகப் பனியில் முட்டி போட்டிருப்பதைப் பார்த்து, பையைக்கூட இறக்காமல் பின்புறம் வந்தாள். இன்னும் சுரண்டாமல் வைத்திருந்த ஓரடியில் அவள் கையை வைக்கச் சொன்னேன். வைத்தாள். எடுத்து, விரல்களைப் பார்த்தாள். எண்ணெய் மிஞ்சியதிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"பதினோரு தடவ," என்றாள் தமிழில்.

"ஆமா."

"நான் எந்தப் பக்கம் விழுந்தேன்னு எழுதின. எத்தன மணிக்கு விழுந்தேன்னு எழுதின. நீ ஊத்தினத மட்டும் எழுதல."

"எழுதல."

"எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்மா. நாலு நாளா."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் மிச்ச ஓரடியையும் சுரண்டி முடித்து, கழுவி, துடைத்து, மெழுகு தேய்த்தேன். கணவர் வந்ததும் அவரிடமும் சொன்னேன். அவர் நீண்ட நேரம் கம்பியையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அப்படியானால் இன்னொரு வாய்ப்புக் கொடு' என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நான் இல்லை. நோட்டில், விட்டுப்போன குறிப்பை அன்றைய நாளைப் போட்டு எழுதி, கீழே கையெழுத்திட்டேன்.

செவ்வாய் முழுக்க மழை பெய்தது. புதன் காலை பின்புறத்தில் பனியே இல்லை. புல்லும் சேறும் நடுவில் சுத்தமான கம்பியும்தான் இருந்தன. அன்று சாயங்காலம் வரை மகள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சப்பாத்தி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே, "ஐஸ் ரிங்க்குக்குப் பின்னாடி குவிச்சு வெச்சிருப்பாங்க," என்றாள்.

"என்னது?"

"ஐஸ். மெஷின்ல சீவி எடுத்துக் கொட்டறது. யார் வேணா எடுத்துக்கலாம்."

கணவர் தலையை நிமிர்த்தினார்.  வேண்டாம் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து, பள்ளி முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு போனேன். ஐஸ் சறுக்கு மைதானத்துக்குப் பின்னால், லாரி நிற்குமிடத்தில், ஆள் உயரத்துக்குச் சீவிய ஐஸ் குவிந்திருந்தது. உள்ளே இருந்த பணியாளரிடம் கேட்டோம். எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளுங்கள் என்றார். கோடை உடைகள் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் ஒன்பதைக் காலி செய்து கொண்டுபோயிருந்தோம். இரண்டு நடை. வேனின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. மேடையின் சாய்வுக்கும், கம்பிக்கு முன் ஆறடிக்கும், இறங்கும் இடத்துக்கும் சரியாக இருந்தது. வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் நாற்பத்தொன்று, ஐஸ் கரையும் சூடு. நேரம் அதிகம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

முதல் தடவை எட்டாவது அடியில் விழுந்தாள்.

 ஆனால் இந்த முறை அவள் முன்னால் விழவில்லை, பின்னால் விழுந்தாள். பலகை சிக்கும் என்று எதிர்பார்த்து உடம்பைப் பின்னுக்குச் சாய்த்திருக்கிறாள். அது சிக்காமல் ஓடிவிட்டது. இரண்டாவது தடவையும் அதே மாதிரி. எழுந்து நின்று, எட்டாவது அடியைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு ஏறிப் போய், மூன்றாவது தடவை, பன்னிரண்டு அடியும் போனாள்.

"ஒண்ணு," என்றேன்.

"எண்ணாத. எழுது."

எழுதினேன். இரண்டு. மூன்று. நான்காவதுக்கு அவள் ஏறிக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. கணவர் சீக்கிரமே வந்துவிட்டார். அலுவலகச் சட்டையோடு, வீட்டுச் செருப்பில், சேற்றில் வந்து என் பக்கத்தில் நின்றார். நான்கு. ஐந்து. ஐஸ் கரைந்து ஓடத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் நான் மண்வாரியால் ஓரத்திலிருந்து அள்ளிப் போட்டேன். ஆறு. ஏழு. எட்டாவதுக்கு அவள் மேடை மேல் நின்றபோது சாய்வின் நடுவில் ஓரடி அகலத்துக்கு ப்ளைவுட் தெரிந்தது. பெட்டிகளில் தண்ணீர்தான் இருந்தது.

மேலே நின்றபடி அதைப் பார்த்தாள். பலகைகளைக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு, பின்படி வழியாக இறங்கி வந்தாள்.

"அவ்ளோதான்," என்றாள்.

கணவர் என்னிடம் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே முதல் நாளிலிருந்து படித்தார். ஈர விரலால் பக்கங்களைப் புரட்டினார். நாங்கள் இருவரும் குளிரில் நின்றோம்.

"இந்தக் காயம்ங்கற கட்டத்துல எல்லாம் இல்லை இல்லைன்னு போட்டிருக்க."

"பதினேழாவதுல முழங்கை சிராய்ப்பு. அத எழுதியிருக்கேன்."

"பதினாறு தடவ விழுந்திருக்கா."

"ஆமா, இன்னிக்கு ரெண்டையும் சேத்து."

மகளைப் பார்த்தார். "எப்டி விழுந்த?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "எப்டின்னா?"

"கைய எங்க வெச்ச, விழும்போது?"

அவள் காட்டினாள். இரண்டு கைகளையும் நெஞ்சோடு ஒட்டி, தோளை உள்ளுக்கு வளைத்து, இடுப்பைச் சரித்து, சேற்றிலேயே ஒருமுறை விழுந்து காட்டினாள். எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டாள்.

"போன வருஷம் கைய ஊனின."

"தெரியும். இப்ப ஊனறதில்ல."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லப்பா. இவ்ளோ தடவ விழுந்தா அதுவா வந்துடும்."

அவர் இன்னும் ஒரு பக்கத்தைப் புரட்டினார். பிறகு, "ஃபார்ம் எங்க?" என்றார்.

நான் குறுக்கே பேசியிருக்க வேண்டியதில்லை. ஆனால் என் சுபாவம் அப்படி. "பத்துன்னு சொன்னீங்க. ஏழுதான் வந்திருக்கு."

"அம்மா," என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏழுதான்," என்றார் அவர். "பத்துன்னு நாந்தான் சொன்னேன். அன்னிக்கு எனக்கு என்ன கேக்கறதுன்னே தெரியல, ஒரு நம்பரச் சொன்னேன். விழாம வருவாளான்னு பாத்துட்டு இருந்தேன். இவ விழறதத்தான் பாத்திருக்கணும்." நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "உன் எண்ணெய் இல்லன்னா அதுவும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்காக இனிமே எதுலயும் எண்ணெய் ஊத்தாத."

சமையலறை மேஜையில் உட்கார்ந்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். மகள் படிவத்தைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டு, மூலத்தைப் பைக்குள் வைத்தாள். என்னைக் கடந்து போகும்போது, ஈரக் கையுறையால் என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அன்றைய நோட்டில் நான் எழுதியது இரண்டு வரி. 'நிபந்தனை நிறைவேறவில்லை. கையெழுத்துப் போடப்பட்டது.'

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மூவரும் குன்றுக்குப் போனோம். கணவர் பிப்ரவரிக்குப் பிறகு அங்கே வருவது அதுதான் முதல் தடவை. கம்பிகள் இருக்கும் பகுதியைச் சுற்றி ஆரஞ்சு வலை கட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில் நின்றோம். அங்குள்ள கம்பி எங்களுடையதைவிட இரண்டு மடங்கு உயரம். மகள் முதல் தடவை அதன் பக்கத்தில் வந்து, ஏறாமல் கடந்து போனாள். இரண்டாவது தடவை ஏறி, முழுவதும் போய், சுத்தமாக இறங்கினாள். மூன்றாவது தடவை முக்கால்வாசியில் கால் நழுவி, பக்கவாட்டில் பனியில் விழுந்தாள்.

கணவர் வலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவள் விழுந்த இடத்திலிருந்து எங்கள் பக்கம் பார்க்கவில்லை. உட்கார்ந்தாள், கழன்ற ஒரு பலகையை மாட்டிக்கொண்டாள், எழுந்து சறுக்கிக்கொண்டே போய், குன்றின் மேலே ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்ட்டுக்கான வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் எத்தனை பேர் என்று அவர் எண்ணத் தொடங்கினார். ஒன்பது என்றார். நான் பத்து என்றேன்.

"அந்தச் சின்னக் கொழந்தையையுமா சேத்த? அது அவங்கப்பா மடில போகும்," என்றார்.

குழந்தை அப்படியே போனது. ஒன்பதுதான்.